பண்டிகையைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள்

சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வருடத்தில் இரண்டு புத்தாண்டு. ஐந்து வயதுப் பேரன் என்னை ‘ஆயா’ என்பான்; மருமகளின் அம்மாவை ‘அவ்வா’ என்பான். அங்கே உகாதி, இங்கே சித்திரை ஒண்ணு. 1960 வரைக்கும் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தோடுதான் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் இந்தப் பக்கத்து வீடுகளில் தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வேகின்றன.

இத்தனை பண்டிகை சுற்றி நடந்தும், “பண்டிகைன்னா என்ன கண்ணா?” என்று கேட்டால் “லீவு” என்று பிள்ளை சொல்கிறது. கேட்கவே மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. நாம் எல்லாவற்றையும் நாமே செய்து முடித்துவிட்டு, கடைசியில் “கும்பிட்டுக்கோ” என்று மட்டும் கூப்பிடுகிறோம். எங்கள் வீட்டில் பலன் கொடுத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் வேலை, பிறகு விளக்கம். இரண்டு வயதுப் பிள்ளை தட்டில் பூ வைக்கும். மூன்று வயதில் அகல் விளக்கை ஈரத்துணியால் துடைக்கும். நாலு வயதில் மாவிலையை எண்ணிக் கொடுக்கும், ஐந்து வயதில் கோலத்துக்குப் புள்ளி வைக்கும். புள்ளி கோணினால் கோணட்டும், அழித்துத் திருத்தாதீர்கள். எந்த வேலையைக் கொடுத்தாலும் அடுத்த வருடமும் அதையே கொடுங்கள். “இது என் வேலை” என்று சொல்ல ஆரம்பித்த பிறகு “எதுக்கு ஆயா இது?” என்று கேள்வி தானாக வரும். விளக்கம் சொல்ல அதுதான் நேரம்.

2. உகாதிப் பச்சடியை ஆறு கிண்ணத்தில் வையுங்கள். வேப்பம்பூவின் கசப்பு, புதுப்புளியின் புளிப்பு, வெல்லத்தின் இனிப்பு, உப்பு, மிளகாயின் காரம், மாங்காயின் துவர்ப்பு என்று ஆறு. மிக்ஸியில் அடித்து ஒரு கரண்டி வாயில் ஊற்றினால் பிள்ளை துப்பிவிட்டு ஓடும். அதனால் முதல் நாளே ஆரம்பியுங்கள். ராத்திரி வேப்பமரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்து வைத்தால் விடியும்போது பூ உதிர்ந்து கிடக்கும். பிள்ளைகளை எழுப்பிக் கூட்டிப் போய்ப் பொறுக்கச் சொல்லுங்கள். காம்பும் தூசியும் நீக்கி ஊதி எடுப்பது சின்ன விரல்களுக்கு நன்றாக வரும். பிறகு கண்ணை மூடச் சொல்லி ஒவ்வொரு கிண்ணத்திலிருந்தும் நுனிவிரலில் தொட்டுச் சுவைக்கச் சொல்லுங்கள். மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் மிளகாயை விட்டுவிடலாம். கடைசியில் ஆறையும் பிள்ளையே கலக்கட்டும். வரப்போகும் வருடத்தில் கசப்பும் வரும், இனிப்பும் வரும் என்ற சேதி அந்தக் கலக்கலிலேயே இருக்கிறது. வாயால் சொல்ல வேண்டுமென்றால் ஒரே வாக்கியம் போதும்.

3. இரண்டு புத்தாண்டு ஏன் என்று கேட்டால் மழுப்பாதீர்கள். “உகாதி நிலாவைப் பார்த்து எண்ணுவது, சித்திரை ஒண்ணு சூரியனைப் பார்த்து எண்ணுவது” என்றால் ஐந்து வயதுக்குப் புரிகிறது. 2021-இல் உகாதி ஏப்ரல் 13. மறுநாளே தமிழ்ப் புத்தாண்டு. 2023-இல் உகாதி மார்ச் 22-க்கே வந்துவிட்டது. நாள்காட்டியில் இரண்டையும் வட்டம் போட வையுங்கள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் மாடிக்குக் கூட்டிப் போய் வானத்தைக் காட்டுங்கள்.

4. “சாமி கண்ணைக் குத்தும்” என்ற பேச்சை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். எங்கள் பக்கத்தில் இதைச் சொல்வதில் ஒரு தனி வேதனை இருக்கிறது. காளஹஸ்தி பக்கத்தில்தானே இருக்கிறது? சாமிக்குத் தன் கண்ணையே எடுத்துக் கொடுத்த கண்ணப்பனின் ஊர் அது. கண்ணைக் குத்துகிற சாமியைச் சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, கண்ணைக் கொடுத்தவனின் அன்பு எப்படி விளங்கும்?

அந்தக் கதையையும் வயது பார்த்துச் சொல்லுங்கள். நாலு வயதுக்கு, தலையில் பூவைச் செருகி, வாயில் தண்ணீரை நிரப்பி, கையில் இறைச்சியோடு ஓடி வந்த வேடன் வரைக்கும் போதும். கண்ணைப் பிடுங்குவது ஏழெட்டு வயதுக்கு மேல். சிலந்தி, பாம்பு, யானை மூன்றும் பூஜை செய்த கதை எந்த வயதுக்கும் ஆகும். ஸ்ரீ என்றால் சிலந்தி, காளம் என்றால் பாம்பு, ஹஸ்தி என்றால் யானை, மூன்றும் சேர்ந்துதான் ஊரின் பெயர் என்று சொன்ன அன்றைக்குப் பேரன் பஸ்ஸில் திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தான். அங்கே சிவராத்திரி பிரம்மோற்சவத்தில் முதல் கொடி ஏறுவது கண்ணப்பன் மலையில். சாமிக்கு முன்னால் பக்தனுக்கு மரியாதை. இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

5. போகிப் பழம். போகி அன்றைக்குச் சாயங்காலம் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை உட்கார வைத்து இலந்தைப் பழம், கரும்புத் துண்டு, பூ, காசு கலந்து தலையில் சொரிவது தெலுங்கு வீடுகளில் வழக்கம். ‘போகி பள்ளு’ என்பார்கள். திருஷ்டி கழியும் என்பது நம்பிக்கை. காசும் இலந்தைக் கொட்டையும் சின்னக் குழந்தையின் தொண்டையில் போய்ச் சிக்கும். அதனால் சொரிந்த கையோடு எண்ணிப் பொறுக்கிவிடுங்கள். உள்ளங்கை அளவு எடுத்து, உச்சியிலிருந்து மெதுவாகச் சொரியுங்கள், கண்ணில் படாது. பக்கத்து வீட்டுத் தமிழ்ப் பிள்ளைகளையும் கூப்பிட்டு வரிசையாக உட்கார வையுங்கள். ஒரே வீட்டுப் பிள்ளை தனியாக உட்கார்ந்தால் பயந்து அழும்.

போகி அன்றைக்குக் காலையில் மூட்டும் நெருப்பில் டயரும் பிளாஸ்டிக்கும் போடாதீர்கள். பிள்ளைகள் சின்னச் சின்ன வரட்டி தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மாலையாகக் கோத்து நெருப்பில் போடுவது இங்கே பழைய பழக்கம். பதினைந்து நாளைக்கு முன்பே தட்டினால்தான் காயும். சந்திரகிரிப் பக்கம் ரங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலான கனுமவையொட்டி நடக்கும் மாட்டுப் பண்டிகைக்குச் சின்னப் பிள்ளைகளைத் தூக்கிப் போக வேண்டாம். மாடு ஓடும் தெருவில் குழந்தைக்கு இடமில்லை.

6. பிள்ளையார் பிள்ளையின் கையளவு இருக்கட்டும். களிமண்ணை முந்தின நாள் ராத்திரியே பிசைந்து ஈரத்துணியால் மூடி வையுங்கள். இரண்டு எலுமிச்சை அளவு உருண்டை போதும். பெரிய உருண்டை தொப்பை, சின்ன உருண்டை தலை. காதையும் தும்பிக்கையையும் ஒட்டும் இடத்தில் ஈர்க்குச்சியால் கீறி, களிமண் குழம்பைத் தடவி ஒட்டினால் விழாது. நிழலில் காய வையுங்கள், வெயிலில் வைத்தால் வெடிக்கும்.

கண்ணுக்குக் குன்றிமணி வைப்பது நம் வழக்கம். பிள்ளை செய்யும் பிள்ளையாருக்கு அது வேண்டவே வேண்டாம். குன்றிமணியை மென்று விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. இரண்டு மிளகு வையுங்கள், அழகாகவே இருக்கும்.

தெலுங்கு வீடுகளில் விநாயக சவிதி அன்று இருபத்தொரு வகை இலையால் அர்ச்சனை உண்டு. அதைவிட நல்ல தாவரப் பாடம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லை என்பேன். அறுகு, வில்வம், துளசி, மா, மாதுளை, நொச்சி, நாயுருவி, இலந்தை, வன்னி, அரசு, மருது என்று ஒவ்வொன்றையும் தொட்டு, கசக்கி, முகர்ந்து பார்க்க விடுங்கள். நொச்சியை ஒரு தடவை முகர்ந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே சொல்லும். ஊமத்தை, அரளி, எருக்கு மூன்றும் அந்த இருபத்தொன்றில் உண்டு. மூன்றும் நஞ்சு, எருக்கம் பால் கண்ணில் பட்டால் புண்ணாகும். இந்த மூன்றையும் பெரியவர்கள் பறித்து, தனித் தட்டில் வைத்து, “இதை ஆயாதான் தொடணும்” என்று காரணத்தோடு சொல்லிவிடுங்கள்.

சாமிக்கு மேலே கட்டும் பாலவெல்லிச் சட்டத்தில் பழம், சோளக்கதிர் தொங்கவிடும் வேலையைப் பிள்ளைக்குக் கொடுங்கள். மூன்றாம் நாள் பக்கெட் தண்ணீரில் கரைத்து, அந்தத் தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றச் சொல்லுங்கள். “பிள்ளையார் எங்கே போனார்?” என்றால் “செடிக்குள்ளே” என்று அவனே பதில் சொல்லிக்கொள்வான்.

7. காணிப்பாக்கம் கதையைச் சொல்லும்போது கவனம் வேண்டும். வாய் பேசாத ஒருவர், காது கேளாத ஒருவர், கண் தெரியாத ஒருவர் என மூன்று சகோதரர்கள் சேர்ந்து உழைத்துக் கிணறு தோண்டும்போது வரசித்தி விநாயகர் வெளிப்பட்டார், மூவரின் குறையும் நீங்கியது என்பது தலவரலாறு. “குறையோடு பிறந்தார்கள், சாமி சரிபண்ணினார்” என்று மட்டும் முடித்தால், பள்ளியில் காது கேளாத தோழன் இருக்கும் பிள்ளை அவனை வேறு மாதிரி பார்க்கும். ஒருவருக்கு ஒருவர் கண்ணாகவும் காதாகவும் இருந்து, நிலத்தை உழுது பிழைத்தார்கள் என்ற முன்பாதியை நிறையச் சொல்லுங்கள். பிள்ளையார் வளர்ந்துகொண்டே இருக்கிறார், பழைய வெள்ளிக் கவசம் இப்போது அவருக்குப் போதவில்லை என்ற நம்பிக்கை பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். “எனக்கும் போன வருஷச் சட்டை பத்தலை” என்பார்கள். அங்கே பிரம்மோற்சவம் சதுர்த்தியில் தொடங்கி இருபத்தொரு நாள் நடக்கிறது. முதல் நாள் கூட்டத்தில் இடிபடாமல் இரண்டாம் வாரத்தில் போங்கள்.

8. திருப்பதி கங்கம்மா ஜாத்தரைக்கு வேஷம் போடுவதானால். மே மாதத்தில் தாத்தய்யகுண்டா கங்கம்மாவுக்கு ஒரு வாரம் நடக்கும் இந்த ஜாத்தரை, பிள்ளைகள் தாங்களே பண்டிகையாக மாறுகிற பண்டிகை. பைராகி வேஷத்துக்கு வெள்ளை நாமக்கட்டி, பண்ட வேஷத்துக்குக் குங்குமம், தோட்டி வேஷத்துக்குக் கரி, பிறகு தொர வேஷம், மாதங்கி வேஷம் என்று நாளுக்கு ஒன்று.

கதையைக் கண்ணாமூச்சியாகச் சொல்லுங்கள். ஊர்ப் பெண்களை இம்சித்த ஒரு பாளையக்காரன், அவிலாலா கிராமத்தில் வளர்ந்த கங்கம்மாவைக் கண்டு பயந்து ஒளிந்துகொண்டான். அவள் தினம் ஒரு வேஷம் போட்டுத் தேடினாள். தொர வேஷத்தில் வந்த அன்றைக்குத்தான் அவன் வெளியே வந்து மாட்டிக்கொண்டான். மறுநாள் மாதங்கியாகப் போய் அவன் பெண்சாதிக்கு ஆறுதல் சொன்னாள். கடைசிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். கெட்டவனைத் தண்டித்தவளே அவன் வீட்டுக்குப் போய் அழுகிறவளைத் தேற்றினாள் என்பதைக் கேட்டு என் பேத்தி வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

வேஷத்துக்கு முன் முகம் முழுக்கத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுங்கள். எண்ணெய்மேல் பூசினால் சருமம் எரியாது, கழுவும்போது கடலைமாவில் சுலபமாகப் போய்விடும். கண்ணைச் சுற்றி ஒரு விரல் இடம் விடுங்கள். கடையில் விற்கும் பளபளக்கும் குங்குமத்தில் சாயம் இருக்கும். நல்ல மஞ்சள் குங்குமத்தை முந்தின நாளே முழங்கையில் தடவிப் பாருங்கள். வேப்பிலைக் கொத்தைக் கையில் கொடுங்கள். மே மாத வெயில் என்பதால் காலை எட்டு மணிக்குள் கோயிலுக்குப் போய்த் திரும்பிவிட வேண்டும்.

ஆண்கள் புடவை கட்டிப் பூ வைத்து வருவதைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கும். “அம்மனுக்கு முன்னாடி மாமாவும் புடவை கட்டிக்கிறார், அது அவர் வேண்டுதல்” என்று அமைதியாகச் சொல்லுங்கள். சில வேஷக்காரர்கள் வழியில் திட்டிக்கொண்டே போவார்கள். அதுவும் அந்த மரபில் உள்ளது. “அந்த வார்த்தை அந்த வேஷத்தோட சேர்ந்தது, வேஷம் கலைஞ்சா அதுவும் போயிடும்” என்றால் பிள்ளைக்குப் போதும். வெங்கடேசப் பெருமாளின் தங்கச்சிதான் கங்கம்மா, மலையிலிருந்து அவளுக்குச் சீர் வருகிறது என்பதையும் சொல்லுங்கள். அண்ணன் தங்கை கதை எந்த வீட்டுப் பிள்ளைக்கும் பிடிபடும்.

9. சாமி வாகனங்களை மலைக்குக் கீழேயே காட்டுங்கள். திருமலை பிரம்மோற்சவத்தில் ஐந்தாம் நாள் ராத்திரி கருட சேவை. சென்னையிலிருந்து கால்நடையாக வரும் திருக்குடைகளும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் மாலையும் சேரும் அந்த நேரத்தில் மாட வீதியில் கைக்குழந்தையோடு நிற்பதற்கு நான் யாருக்கும் யோசனை சொல்ல மாட்டேன். அதே சேஷன், அன்னம், சிம்மம், அனுமந்தன், யானை, சூரியன், சந்திரன், குதிரை எல்லாம் வைகாசியில் திருப்பதி கோவிந்தராஜ சுவாமிக்கும், கார்த்திகையில் திருச்சானூர் பத்மாவதித் தாயாருக்கும் வருகின்றன. அங்கே பிள்ளையைத் தோளில் உட்கார வைத்து நிதானமாகக் காட்டலாம். அட்டையில் வாகனப் படங்களை வரைந்து கையில் கொடுத்து, எது வருகிறதோ அதை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எங்கே போனாலும் முன்கையில் பேனாவால் உங்கள் போன் நம்பரை எழுதி, மேலே கொஞ்சம் நெயில் பாலிஷ் தடவுங்கள். வியர்வையில் அழியாது.

10. மலை ஏறுவதானால் அலிபிரி வழியில் 3,550 படி, ஸ்ரீவாரி மெட்டில் 2,388. முதல் தடவைக்கு மெட்டு வழி நல்லது. 2023 ஆகஸ்டில் அலிபிரிப் பாதையில் ஒரு சிறுமி சிறுத்தைக்குப் பலியானாள். அதன்பின் பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்கள். கிளம்புமுன் அன்றைய விதியைத் தேவஸ்தானத்தில் விசாரியுங்கள். விடிந்த பிறகு ஏறுங்கள், பிள்ளையை முன்னால் ஓட விடாதீர்கள்.

11. முதல் மொட்டைக்கு அப்பாவோ தாத்தாவோ முதலில் உட்காரட்டும். பிள்ளை தொட்டுப் பார்க்கட்டும். ஒரு வாரம் முன்பிருந்தே குளிக்கும்போது தலையைக் குனியப் பழக்குங்கள். பாதி அழுகை குனிய வைப்பதால்தான்.

12. தர்மராஜா கோயில் பாரதம். சித்தூர், புத்தூர், திருப்பதி வட்டாரத்தில் கோடையில் பதினெட்டு நாள் மகாபாரதம் நடக்கும். மத்தியானம் ஹரிகதை, ராத்திரி கூத்து. தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் என்பதையே இங்கே தர்மராஜா கோயில் என்கிறோம். பதினெட்டு நாளும் பிள்ளையை உட்கார வைக்க முடியாது. மத்தியானக் கதைக்கு அரை மணி, அர்ஜுனன் தபசு, துரியோதன வதம், இவை மூன்றும் போதும். தபசு அன்றைக்கு உயரமான மரத்தில் அர்ஜுன வேஷக்காரர் பாடிக்கொண்டே ஏறுவார். பிள்ளைகள் கழுத்து வலிக்கப் பார்ப்பார்கள். துரியோதனனை மண்ணால் பிரம்மாண்டமாகப் படுக்க வைத்து வண்ணம் பூசியிருப்பார்கள். வதத்துக்கு முந்தின நாள் அந்த மண் உருவம் தயாராகும்போதே கூட்டிப் போய்க் காட்டுங்கள். தொடைக்குப் பக்கத்தில் நின்று எத்தனை அடி என்று காலால் அளக்கட்டும். செய்வதைப் பார்த்துவிட்டால் மறுநாள் அடிப்பதைக் கண்டு பயம் வராது. தீமிதியைத் தூரத்திலிருந்து காட்டினால் போதும்.

13. மார்கழியில் ஒரு வரி. திருமலையில் மார்கழி முழுக்கச் சுப்ரபாதத்துக்குப் பதில் ஒலிப்பது திருப்பாவை. தெலுங்கு மீடியத்தில் படிக்கும் நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். “ஏழுமலையானை எழுப்புறது நம்ம தமிழ்” என்று கேட்கும்போது அந்த முகம் மலர்வதைப் பார்க்க வேண்டும். முப்பது பாசுரமும் மனப்பாடமாக வேண்டும் என்று விரட்டாதீர்கள். நாளுக்கு ஒரு வரி, வெந்நீர் காய்கிற நேரத்தில். தமிழ் படிக்கத் தெரியாவிட்டால் கேட்டுச் சொல்லட்டும்.

14. அடுத்த வீட்டுப் பண்டிகையும் நம் பாடம். “அவங்க சாமி வேற” என்று பிள்ளையிடம் தொடங்காதீர்கள். ரம்ஜானுக்கும் கிறிஸ்துமஸுக்கும் பிள்ளையைக் கையில் தட்டோடு அனுப்புங்கள், தட்டு திரும்பி வரும்போது வெறுமனே வராது. பக்கத்துக் கடப்பாவில் தேவுனி கடப்பா வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு உகாதி அன்று முஸ்லிம் குடும்பங்கள் வரிசையில் வந்து கும்பிடுகின்றன. பெருமாளை மணந்ததாகச் சொல்லப்படும் முஸ்லிம் பெண் பீபி நாஞ்சாரி வழியில் பெருமாள் அவர்களுக்கு மாப்பிள்ளை முறை. நெல்லூர் பாரா ஷஹீத் தர்காவில் மொஹரம் சமயத்தில் ரொட்டிப் பண்டிகை. ஏரித் தண்ணீரில் நின்று, வேண்டுதல் நிறைவேறியவர் வேண்டுதலோடு வந்தவருக்கு ரொட்டி கொடுக்கிறார். எல்லா மதத்தவரும் வருகிறார்கள். வீட்டிலேயே இரண்டு சப்பாத்தியை வைத்துக்கொண்டு இதைப் பிள்ளைகளோடு விளையாடிப் பார்க்கலாம்.

15. மழை நாளில் கலம்காரி. காளஹஸ்தியில் மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றி, துணியில் கதை எழுதுகிறார்கள். நீங்கள் காடாத் துணியை டீ டிகாஷனில் நனைத்துக் காய வையுங்கள். குச்சி நுனியில் பஞ்சு கட்டி, கெட்டியான காபி டிகாஷனில் தோய்த்து, கட்டம் கட்டமாகப் போன பண்டிகையை வரையச் சொல்லுங்கள். என்ன மனதில் நின்றது என்று அதில் தெரிந்துவிடும். எங்கள் பேத்தியின் துணியில் கருடனைவிடப் பெரிதாக இருந்தது பலூன்காரர். அதையும் மாட்டி வைத்திருக்கிறேன்.

16. ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு பண்டிகைக்கும் தேதி, யார் யார் வந்தார்கள், என்ன சமைத்தோம், பிள்ளை என்ன வேலை செய்தது, என்ன கேள்வி கேட்டது என்று எழுதுங்கள். வீட்டுப் பெரியவர்களின் அளவுகளையும் அதிலேயே குறித்துவிடுங்கள். என் மாமியார் போகிக்குச் செய்யும் ஒரு கொழுக்கட்டை உண்டு. பக்குவம் கேட்காமலே இருந்துவிட்டேன், இப்போது கேட்க ஆளில்லை. உங்கள் வீட்டில் ஆயாவோ அவ்வாவோ இருந்தால், இன்றைக்கு ராத்திரியே பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.